மேல்வரிசை

டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்:
மேல், கீழ் முழு செட். நேர் வரிசை.
அந்த அம்மாள் மஞ்சள் பையிலிருந்து எடுத்த போட்டோவில்
முன்பற்கள் இரண்டும்
உதட்டைத் தாண்டி வெயிலுக்கு வந்திருந்தன.
'இதே மாதிரி கட்டிக் குடு, கண்ணு.'

செவ்வாய்ப்பேட்டையில் பதினெட்டு வருடமாகப்
பல் கட்டுகிறேன்.
நேராக்கு, வெள்ளையாக்கு, சின்னதாக்கு
என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.
கோணலைக் கூலி கொடுத்து வாங்க வந்தவள்
இவள் ஒருத்தி.

பெயர் தனக்கொடி.
படத்தில் குகை தனக்கொடி என்று போடுவார்களாம்,
குதிரை தந்து உதவியவருக்கு
ஒரு வரி மேலே.

ஒன்பது வயதில், ஆடி வண்டி வேடிக்கையில்
அரக்கி வேஷம் கட்டவிருந்த பையனுக்கு அம்மை.
இவளை ஏற்றினார்கள்.
சாயம் பூச வந்த ஆள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு
'இதுக்கு மேல நான் என்னத்தப் பூச' என்று
தூரிகையைக் கழுவப் போய்விட்டானாம்.

பிறகு நாடகம்.
ஆத்தூர், ராசிபுரம், ஓமலூர்,
மழை வந்தால் பட்டினி.
கதாநாயகி வசனம் மறந்து நிற்கும்போதெல்லாம்
பக்கத்துத் தட்டியிலிருந்து இவளைத் தள்ளிவிடுவார்கள்.
இவள் நடுமேடையில் நின்று ஒரு கொட்டாவி விடுவாள்.
கொட்டகை சிரித்து முடிப்பதற்குள்
அவளுக்கு வசனம் வந்துவிடும்.

ஏற்காடு ரோட்டு ஸ்டுடியோவில் நாற்பத்தொரு படம்.
நாற்பதில் அடி வாங்கினாள்:
விளக்குமாறு, முறம், உலக்கை,
ஒருமுறை நிஜ ஆடு.
இரண்டாம் டேக்கில் ஆட்டுக்குக் கூச்சம் வந்துவிட்டதாம்.
இவளுக்கு வரவில்லை.

நாற்பத்தொன்றாவதில் அழுகை.
கிளிசரின் வேண்டாம் என்றிருக்கிறாள்.
'அன்னிக்குக் காலையிலதான்...' என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டாள்.
நான் மெழுகைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.
படம் வந்ததும் முக்காடு போட்டுக்கொண்டு
பெஞ்சு டிக்கெட்டில் போய் உட்கார்ந்தாளாம்.
திரையில் இவள் விம்ம விம்ம
கொட்டகையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.
'நீங்க?'
'நானுந்தான் சிரிச்சேன்.
அந்தப் பல்லோட அழுதா
நீ சிரிக்க மாட்டியா?'

இப்போது பென்ஷன் ஆபீஸில்
உயிரோடிருக்கிறாளா என்று சரிபார்க்கும் குமாஸ்தா
அட்டைப் படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்து
'இது நீங்க இல்லீங்களே' என்கிறான்.
'அவனச் சொல்லி என்ன,
வெறும் ஈற வெச்சு
யாரைன்னு கண்டுபிடிப்பான்?'

மெழுகில் இரண்டு பல்லையும்
ஒரு மில்லி முன்னால் இழுத்தேன்.
'இன்னும்.'
இரண்டு.
'பயப்படாம கூப்புடு, வரும்.'
நாலு மில்லியில் நிறுத்தி,
இதைப் போட்டுக்கொண்டு தட்டுவடை செட் கடிக்க முடியாதம்மா என்றேன்.
'கடிக்கறதுக்கா கேட்டேன்?'

பொருத்திய அன்று கண்ணாடியை நீட்டினேன்.
வாங்கவில்லை.
ரசீது எழுதும் பையன் பக்கம் திரும்பினாள்.
பத்தொன்பது வயது அவனுக்கு, இவள் படம்
ஒன்றுகூடப் பார்த்ததில்லை.
'ஏஞ்சாமி, மணி என்னாச்சு?'
அவ்வளவுதான் கேட்டாள்.
அவன் தலையைக் குனிந்துகொண்டான்,
தோள் மட்டும் குலுங்கியது,
பேனா உருண்டு கீழே விழுந்தது.

அவள் காத்திருந்தாள்.
சிரிப்பு ஏறி, நின்று, இறங்கும் வரை
முகத்தில் ஒன்றையும் காட்டாமல்,
எத்தனை எண்ணவேண்டும் என்று தெரிந்தவளாக.
சரியாக அது அடங்குகிற இடத்தில்
அடுத்த வரியை வைத்தாள்:

'பாக்கி முன்னூறு
பென்ஷன் வந்ததும் தர்றேன்.'